இழுவை குறைந்தால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள்

வீடு வீடாகப் போய் சோபாவும் கார்பெட்டும் சுத்தம் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார், "மெஷின் முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது" என்பது. அடுத்த பேச்சே புது மோட்டார் என்ன விலை என்பதாக இருக்கும். மோட்டார் தேயும், உண்மைதான். ஆனால் கையில் தூக்கிப்போகிற மெஷினில் இழுவை பெரும்பாலும் வழியில்தான் தொலைகிறது: மூடி ரப்பரில், ஹோஸின் வெடிப்பில், முடி அடைத்த வலையில். காசு செலவில்லாத இடங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகு மோட்டாருக்குப் போகலாம்.

இது தொழில் செய்பவரின் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. தெளித்த தண்ணீர் திரும்பி வராவிட்டால் அதில் கரைந்த அழுக்கும் சோப்பும் கார்பெட்டின் அடியிலேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும்போது, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாத கார்பெட்டில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கார்பெட்டில்தான் அந்த வீட்டுக் குழந்தை தவழப்போகிறது.

செய்ய வேண்டியவை

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். வழி அடைத்துக்கொண்டால் மோட்டாருக்குத் தள்ளுவதற்குக் காற்று இருக்காது. சுமை குறைந்து வேகமெடுத்துக் கீச்சிடும். இழுவையும் இல்லை, சத்தமும் கீச்சென்று ஏறியிருக்கிறது என்றால் அடைப்பைத் தேடுங்கள். அழுக்குத் தண்ணீர் டேங்க் நிரம்பி, உள்ளே இருக்கும் மிதவை வாயை மூடியிருந்தாலும் இதே சத்தம்தான். சத்தம் வழக்கம்போல இருந்து இழுவை மட்டும் இல்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது. சத்தமே மந்தமாக, சோர்ந்து கேட்டால் கரண்ட் சரியாக வரவில்லை, அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

கசிவு என்று சந்தேகம் வந்தால் மெஷினில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வாருங்கள். இந்த வரிசை முக்கியம். ஹோஸைக் கழற்றிவிட்டு, மெஷினில் அது மாட்டும் துளையை உள்ளங்கையால் மூடுங்கள். கை பலமாக ஒட்டிக்கொண்டால் மோட்டார், டேங்க், மூடி மூன்றும் நலம். அவற்றைத் தொட வேண்டாம். பிறகு ஹோஸை மாட்டி அதன் மறுமுனையை மூடிப் பாருங்கள். இங்கே பிடிப்பு தளர்ந்தால் குற்றவாளி ஹோஸ் அல்லது அதன் இணைப்பு. கடைசியாக உறிஞ்சும் வாய்ப்பகுதியை மாட்டி அதையும் பாருங்கள். வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மெஷின் புதிதாக இருக்கும்போது கேஜ் காட்டிய அளவை மார்க்கரால் மெஷின் உடம்பிலேயே எழுதிவையுங்கள். எழுதி வைக்காத அளவோடு எதையும் ஒப்பிட முடியாது.

கசிவு கண்ணுக்குத் தெரியாதபோது ஊதுபத்தி உதவும். ஹோஸின் முனையை மூடி மெஷினை ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்புகளின் ஓரமாகவும் ஹோஸின் நீளத்துக்கும் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. தின்னர், ஸ்பிரிட் போன்றவை பக்கத்தில் இருந்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. ஒரு சிறிய துளைக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் ஊசித் துளை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும். இங்கும் நடப்பது அதுதான்.

மூடியின் ரப்பர் வளையத்தை வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவித் துடையுங்கள். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் காற்று புகும். ரப்பர் வறண்டிருந்தால் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். சிலவகை ரப்பரை அது உப்ப வைத்துவிடும்.

டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் குழாயையும் பாருங்கள். பலரும் மறந்துபோகிற இடம் இது. அதன் வாஷரில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், தண்ணீர் சொட்டாது, ஆனால் காற்று உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

ஈரமாக்கும் முன் சாதாரண வேக்குவம் கிளீனரால் கார்பெட்டை ஒருமுறை நன்றாக இழுத்துவிடுங்கள். உலர்ந்த மண்ணும் நாய், பூனை முடியும் போய்விட்டால் உள்வலை அடைவது வெகுவாகக் குறையும்.

கையை மெதுவாக இழுங்கள். தண்ணீர் தெளித்தபடி ஒரு முறை இழுத்தால், தெளிக்காமல் அதே தடத்தில் இரண்டு முறை இழுக்க வேண்டும். உறிஞ்சும் வாய் கார்பெட்டில் முழுக்கப் படிந்திருக்கட்டும். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டாலும் காற்று சுலபமான அந்த வழியைத்தான் எடுக்கும், தண்ணீர் கீழேயே கிடக்கும். எந்தப் பாகத்தையும் மாற்றாமல், கைப்பழக்கத்தை மட்டும் மாற்றி, கார்பெட் காயும் நேரத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

மாதம் ஒருமுறை வாளிச் சோதனை செய்யுங்கள். 5 லிட்டர் தண்ணீரை வாளியில் வைத்து, மெஷின் அதை முழுக்க இழுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துவையுங்கள். உள்ளங்கையும் கேஜும் பிடிப்பின் பலத்தைத்தான் காட்டும். எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைக் காட்டாது. கார்பெட் காய இரண்டும் வேண்டும்.

செய்யக்கூடாதவை

ஹோஸை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். மெஷினை வராந்தாவில் வைத்துவிட்டு உள்ளறை வரை ஹோஸை இழுப்பது சுலபம்தான். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் உராய்வில் போகும் இழுவையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மெஷினுக்குத்தான் சக்கரம் இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

பருமனான ஹோஸ் எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே அளவு காற்று ஓடும்போது 38 மில்லிமீட்டர் ஹோஸைவிட 50 மில்லிமீட்டர் ஹோஸில் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இரண்டு மோட்டார் வைத்த பெரிய மெஷினுக்கு இது வரம். ஒற்றை மோட்டார் வைத்த சின்ன மெஷினில் கதை வேறு: அகலமான குழாயில் காற்றின் வேகம் குறைந்து, தண்ணீர் மேலே ஏறாமல் ஹோஸின் வயிற்றிலேயே தேங்கிவிடும். மெஷினோடு வந்த அளவிலேயே, உட்பக்கம் வழவழப்பான ஹோஸாகப் பார்த்து வாங்குவதுதான் என் பரிந்துரை.

துணி துவைக்கும் பவுடரையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ டேங்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நுரை பொங்கும். மிதவை தண்ணீரைத்தான் தடுக்கும். நுரை அதைத் தாண்டி மோட்டாரின் விசிறிக்குள் போய்விடும். பேரிங் துருப்பிடித்துச் சத்தம் போட ஆரம்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். இந்த மெஷினுக்கென்று விற்கிற நுரை குறைந்த திரவத்தையே, சொன்ன அளவுக்குள் கலக்குங்கள். வாடிக்கையாளர் முன்பே ஷாம்பு போட்டுத் தேய்த்த கார்பெட் என்றால், நுரை அடக்கும் திரவத்தைக் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் டேங்கில் ஊற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. வோல்டேஜ் 10 விழுக்காடு விழுந்தால் மோட்டாரின் சக்தி அதைவிட அதிகமாகவே விழும். செம்புக் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைச் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துவிடுங்கள். ஈரத்தோடு செய்கிற வேலை என்பதால் எர்த் இல்லாத பிளக்கைத் தொடவே வேண்டாம்.

மெஷினின் காற்றுத் துவாரங்களைத் துணியால் மூடாதீர்கள், சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ஈர வேலைக்கான மோட்டார்களில் இழுக்கும் காற்று ஒரு வழியாகவும், மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று வேறு வழியாகவும் போகும். இரண்டாவது வழி அடைத்தால் சுருள் கருகிப்போகும்.

வெடித்த ஹோஸை டேப் சுற்றியே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அன்றைய வேலையை முடிக்க டேப் சரி. வெடிப்பு பெரும்பாலும் முனையை ஒட்டியே வரும் என்பதால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனையை மறுபடி பொருத்தினாலே பல ஹோஸ்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் வேலை எடுக்கிறவர்கள் மெஷினைச் சந்தேகிக்க வேண்டாம். உறிஞ்சுவது என்பது வெளிக்காற்று உள்ளே தள்ளுவதுதான். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான்; கேஜும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும். அங்கே தண்ணீரைக் குறைவாகத் தெளித்து, தெளிக்காமல் இழுப்பதை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக்குங்கள்.

எல்லாம் பார்த்தும் இழுவை திரும்பவில்லையா? இப்போது மோட்டாரைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். தேய்ந்து 1 செண்டிமீட்டர் நீளம்தான் மிச்சம் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடாதீர்கள். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளில் பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷும் சீக்கிரமே போய்விடும். புது மோட்டாருக்குச் செலவு செய்ய வேண்டிய கட்டம் அது. பழைய மோட்டாரில் எத்தனை அடுக்கு விசிறி இருந்ததோ அதையே கேட்டு வாங்குங்கள். மாட்டிய முதல் நாளிலிருந்தே, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். உள்ளே தங்கிய ஈரம் காயட்டும். மூடியைத் திறந்தே வைத்துவிட்டு மெஷினை ஓரமாக எடுத்து வையுங்கள்.