போகப் போகச் சரியாகிவிடுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லாத வீடு மதுரையில் இருக்காது. கணிதம் இந்த ஆறுதலை எளிதில் தருவதில்லை. ஓர் எண் வரிசை ஓர் எல்லைக்கு ஒருங்குகிறது என்று சொல்ல வேண்டுமானால், நாம் எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும் அந்த வரிசை ஒரு கட்டத்தில் அதற்குள் வந்துவிட வேண்டும். வந்த பிறகு வெளியே போகவும் கூடாது. இந்த நிபந்தனையை மறந்து, 'நெருங்குகிறது' என்ற பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டதால் பிறந்த நம்பிக்கைகள் பல. வகுப்பறையிலும் வாட்ஸ்அப்பிலும் வீட்டுமனையிலும் லாட்டரிச் சீட்டிலும் புழங்கும் எட்டு நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: கூட்டும் எண் சிறுத்துக்கொண்டே போனால், கூட்டுத்தொகை ஓரிடத்தில் நின்றுவிடும்.

உண்மை: நிற்கலாம், நிற்காமலும் போகலாம். 1, அதோடு அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகக் கூட்டினால் தொகை 2-ஐத் தாண்டாது. ஆனால் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் இசைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரையைத் தாண்டும். அடுத்த நான்கு உறுப்புகளும் சேர்ந்து அரையைத் தாண்டும். அதற்கடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாக ஏறிக்கொண்டே இருக்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன வாதம் இது.

ஏமாற்றுவது இதன் மந்த நடைதான். ஒரு கோடி உறுப்புகளைக் கூட்டினாலும் தொகை 16.7 அளவில்தான் இருக்கும். கணினியில் போட்டுப் பார்ப்பவர் 'நின்றுவிட்டது' என்றே முடிவு கட்டுவார். கண்ணுக்கு நின்றதுபோல் தெரிவது நிரூபணம் ஆகாது.

நம்பிக்கை 2: 1 + 2 + 3 + 4… என்று முடிவிலி வரை கூட்டினால் –1/12 வரும், ராமானுஜனே நிரூபித்திருக்கிறார்.

உண்மை: 1, 3, 6, 10, 15 என்று வளரும் இந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணுக்கும் ஒருங்குவதில்லை. 1913 பிப்ரவரி 27 அன்று கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் இதைக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் 'என் கோட்பாட்டின்படி' என்ற அடைமொழியோடுதான் எழுதினார். இதை வெறுமனே சொன்னால் என்னைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவீர்கள் என்ற பொருளில் ஒரு கேலியையும் சேர்த்தார். விரியும் தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறிலியைப் பொருத்துவது அவருடைய முறை. இந்தத் தொடருக்கு அந்த மாறிலி –1/12. சீட்டா சார்பை அதன் இயல்பான எல்லைக்கு வெளியே நீட்டினாலும் அதே மதிப்புதான் கிடைக்கும். கூட்டிக் கிடைத்த விடை என்று இதைப் பரப்புகிறவர்கள், ராமானுஜன் கவனமாக வைத்த வேலியைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

நம்பிக்கை 3: அடுத்தடுத்த படிகள் சரியாக இருந்தால் போதும், கடைசியில் போடும் மூன்று புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உண்மை: இதற்கும் ராமானுஜனிடமே பாடம் இருக்கிறது. 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் ஒரு புதிர் போட்டார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) எவ்வளவு? விடை 3. அதை வருவிக்கும் வழி அழகானது. 3 என்பது √9, 9 என்பது 1 + 2×4, 4 என்பது √16, 16 என்பது 1 + 3×5, இப்படியே போகலாம்.

இதே வழியில் 4-ஐயும் 'நிரூபிக்கலாம்' என்பதுதான் வேடிக்கை. 4 என்பது √16. 16 என்பது 1 + 2×7.5, 7.5 என்பது √56.25; 56.25 என்பது 1 + 3×18.41…, இதையும் நிறுத்தாமல் நீட்டலாம். இரண்டிலும் ஒவ்வொரு படியும் சரி. ஆக, படிகளை வைத்து மட்டும் 3-ஆ 4-ஆ என்று தீர்மானிக்க முடியாது. உள்ளிருந்து வெட்டி வெட்டிக் கணக்கிட வேண்டும்: 1.73, 2.24, 2.56, 2.76… ஏறிக்கொண்டே போகும் இந்த வரிசை 3-இல் ஒருங்குகிறது.

இப்படி அடுக்கிய வர்க்கமூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்கு முழுமையான அளவுகோலைத் தந்தவர் இன்னொரு தமிழர், தி. விஜயராகவன். 1927-இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளில் அது இடம்பெற்றது. உள்ளே வரும் எண்கள் மிகப் பெரிதாக வளர்ந்தாலும் தாங்கும். படிக்குப் படி அவற்றின் மடக்கை இரட்டிப்பாகும் வேகத்தையும் மிஞ்சி ஓடினால்தான் அடுக்கு சரியும். அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவர் இந்த விஜயராகவன்தான்.

நம்பிக்கை 4: ஒரு கோடு இன்னொரு கோட்டோடு ஒட்டிக்கொண்டே வந்தால், அதன் நீளமும் இதன் நீளமாகிவிடும்.

உண்மை: ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி, மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் அங்கே அன்றாடப் பேச்சு. அங்கே 30-க்கு 40 அடி மனை ஒன்றை வைத்துக்கொள்வோம். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும் கொத்தனார் மூலைமட்டத்தோடு விடமாட்டார், குறுக்களவும் பிடிப்பார். சரியாக 50 அடி வந்தால் மூலை செங்கோணம்.

அந்த மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓரமாகவே நடந்தால் 70 அடி. அதையே இரண்டு படிக்கட்டாக நடந்தாலும் 70 அடி. ஆயிரம் படிக்கட்டாக வளைந்து வளைந்து போங்கள்: அந்தப் பாதை குறுக்குக் கோட்டிலிருந்து எந்த இடத்திலும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட விலகாது. கண்ணுக்கு அது நேர்கோடுதான். நீளம் மட்டும் அதே 70 அடி, இம்மியும் குறையாது. 50-ஐ நோக்கி அது நகரவே இல்லை. வட்டத்தைச் சுற்றிச் சதுரம் போட்டு, அதன் மூலைகளை மடித்துக்கொண்டே போய், 'பை என்பது 4' என்று இணையத்தில் வரும் படமும் இதே தந்திரம்தான்.

காரணம், பாதை கோட்டை நெருங்குகிறதே தவிர, அதன் திசை நெருங்கவில்லை. ஒவ்வொரு படியும் கிழக்கே அல்லது வடக்கேதான் பார்க்கிறது. குறுக்காக ஒருபோதும் பார்ப்பதில்லை. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்குள்ளும் வெளியிலும் 96 பக்கம் கொண்ட பலகோணங்களை வரைந்து, பை 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். அங்கே பக்கங்களின் திசையும் வட்டத்தோடு சேர்ந்து திரும்பியதால் கணக்கு பலித்தது.

பரப்பின் கதை வேறு. படிக்கட்டுக்கும் குறுக்குக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு ஒரு படியில் 600 சதுர அடி. ஆயிரம் படியில் 0.6 சதுர அடி. அது பூச்சியத்துக்கே போகிறது. கோணல்மாணலான கண்மாய்க் கரையைக் கட்டம் போட்ட தாளில் எண்ணினால், கட்டம் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு சரியாக வரும். அதே கட்டங்களின் விளிம்பை எண்ணிக் கரைக்கு வேலி போடக் கணக்குப் பார்த்தால், கம்பி வீணாக மிஞ்சும்.

நம்பிக்கை 5: போதாயனார் பெயரில் சுற்றும் கர்ணச் சூத்திரம் இருக்கும்போது வர்க்கமூலமே தேவையில்லை.

உண்மை: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அந்த வழி. 30-க்கு 40-இல் 35 + 15 = 50; கச்சிதம். 5-க்கு 12-இலும் 13 வரும். ஆனால் 30-க்கு 30 மனையில் அது 41.25 அடி என்கிறது, உண்மை 42.43 அடி. பதினான்கு அங்குலம் குறைகிறது. இந்த அளவை நம்பிக் குறுக்கு பிடித்தால் அறை சாய்சதுரமாகிவிடும். இது நல்ல தோராயம், அவ்வளவுதான். எத்தனை முறை போட்டாலும் அதே விடையைத்தான் தரும், திருந்தாது.

திருத்தும் வழி ஒன்று பாபிலோன் காலத்திலிருந்தே இருக்கிறது. 30-இன் வர்க்கத்தையும் 30-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 1800. அதை 41.25-ஆல் வகுத்தால் 43.636. இரண்டுக்கும் சராசரி 42.443. பிழை பதினான்கு அங்குலத்திலிருந்து கால் அங்குலத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்னொரு முறை செய்தால் 42.4264, இனி டேப்பில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. நாட்டுச் சூத்திரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒருங்குவது இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் முறைதான்.

நம்பிக்கை 6: எதையும் திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் ஓரிடத்தில் அடங்கிவிடும்.

உண்மை: தெருவில் நிற்கும் வண்டி ஒன்றின் நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. 1947 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள்: 9741 – 1479 = 8262. அடுத்து 8622 – 2268 = 6354. பிறகு 3087, 8352, 6174. அதற்கு மேல் 6174 மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்து சேரும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார்.

6174-க்கு அதிர்ஷ்டம் கற்பிப்பவர்கள் ஐந்து இலக்கத்தில் முயன்று பார்க்கட்டும். 53955-இல் தொடங்கினால் 95553 – 35559 = 59994. அடுத்து 99954 – 45999 = 53955. இரண்டு எண்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே சுற்றும், அடங்கவே அடங்காது. ஐந்து இலக்கத்தில் எல்லா எண்களும் போய்ச் சேரும் ஒற்றை எண் கிடையாது. ஒரு செய்முறை அடங்குமா, சுற்றுமா, ஓடிவிடுமா என்பதைத் தனித்தனியே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நம்பிக்கை 7: ஒருங்கும் என்று நிரூபித்துவிட்டால் போதும், விடை கைக்கு வந்த மாதிரிதான்.

உண்மை: வேகத்தைக் கேட்காமல் விடக் கூடாது. 4 × (1 – 1/3 + 1/5 – 1/7 + …) என்ற தொடர் பைக்கு ஒருங்குகிறது. கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் கண்டது. பத்து உறுப்பு கூட்டினால் 3.0418. ஆயிரம் உறுப்பு கூட்டினால் 3.1406, இரண்டு தசம இடம்தான் சரி.

மாதவரின் மரபினர் இதை அறிந்தே இருந்தார்கள். கூட்டலை நிறுத்தும் இடத்தில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். பத்து உறுப்போடு நிறுத்தி 40/401-ஐச் சேர்த்தால் 3.14159 வந்துவிடும். ஆயிரம் உறுப்பு செய்யாததை ஒரே ஒரு திருத்தம் செய்கிறது. அந்த மரபில் வந்த ஜ்யேஷ்டதேவரின் யுக்திபாஷா என்ற நூலில் இதற்கான விளக்கம் இருக்கிறது. விஜயராகவனுக்குப் பின் ராமானுஜன் நிறுவனத்தை நடத்திய சி. டி. ராஜகோபால் இந்த மரபைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி வெளியுலகுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவர். 1914-இல் ராமானுஜன் தந்த தொடரோ முதல் உறுப்பிலேயே ஆறு தசம இடம் சரியாகத் தரும். பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் எட்டு இலக்கம். 1985-இல் காஸ்பர் என்பவர் அதை வைத்துப் பையை ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கம் வரை கணக்கிட்டார்.

நம்பிக்கை 8: கடைசியாக, பணம் போகிற நம்பிக்கை. 'அஞ்சு தடவை தலை விழுந்துட்டா அடுத்தது பூதான்', 'இத்தனை நாள் விழாத நம்பர், இனிமே விழுந்துதான் ஆகணும்.' பெரும் எண்களின் விதியே இப்படிச் சொல்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

அந்த விதி சொல்வது வேறு. நாணயத்தை 100 முறை சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக 10 அளவில் இருக்கும். 10,000 முறைக்கு 100. பத்து லட்சம் முறைக்கு 1,000. வித்தியாசம் குறையவில்லை, கூடுகிறது. விகிதமாகப் பார்த்தால் மட்டும் 10 சதவீதம், 1 சதவீதம், 0.1 சதவீதம் என்று தேய்கிறது. ஒருங்குவது விகிதம். நாணயம் பழைய கடனைத் தீர்ப்பதில்லை. புதிய சுண்டல்களின் கூட்டத்தில் பழைய கடன் காணாமல் போகிறது.

எவ்வளவு வேகமாகக் காணாமல் போகிறது என்பதையும் அளக்க முடியும். நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ தலை விழ, பத்துச் சுண்டலில் 38 சதவீத வாய்ப்பு. நூறு சுண்டலில் 3 சதவீதத்துக்கும் கீழ். ஆயிரத்தில் நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழ். அரிய நிகழ்வுகளின் நிகழ்தகவு இப்படி எந்த வேகத்தில் பூச்சியத்தை நோக்கிச் சரிகிறது என்பதற்கு ஒன்றுபட்ட கோட்பாட்டை உருவாக்கியவர், 1940-இல் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன். முதன்மையாக அந்தப் பெருவிலகல் கோட்பாட்டுக்காக 2007-இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது.

இனி லாட்டரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் அது தடை செய்யப்பட்டது. குமுளிப் பக்கம் போய்க் கேரளச் சீட்டு வாங்கி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விற்ற பணம் முழுவதையும் எந்த லாட்டரியும் பரிசாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே ஒரு சீட்டின் சராசரி வரவு அதன் விலையை விடக் குறைவு. ஒன்றிரண்டு சீட்டு வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம் அடித்தாலும் அடிக்கலாம். விட்டதைப் பிடிக்க வாங்கிக்கொண்டே இருப்பவர், தன் சராசரியைக் கணிதம் குறித்துவைத்த எல்லைக்குத் தானே இழுத்துப் போகிறார். அந்த எல்லை நட்டம்.