பிக்கப் வண்டியில் ஆம்ப்ளிபையருக்கு இடங்காணல்

திருக்குறளின் ஐம்பதாம் அதிகாரம் இடனறிதல் என்பது. வேந்தன் பகைவரைப் பொருதற்கேற்ற நிலத்தைத் தெரிந்துகொள்ளும் திறத்தை அது பேசுகின்றது. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அத்துணைப் பெரிய காரியமன்று. மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் நாடோறும் சரக்கேற்றித் திரியும் சிறிய பிக்கப் வண்டியொன்றில், பாட்டுக் கேட்பதற்கென வாங்கிய ஆம்ப்ளிபையரை எங்கே பொருத்துவது என்பதே வினா. எனினும் இதனை அற்பமென்று தள்ளுதல் தகாது. தகாத இடத்தில் வைத்த கருவி ஒரே மழைக்காலத்தில் பாழாதல் கூடும். அதற்குச் செல்லும் கம்பி இரும்பில் உரசித் தீப்பற்றுமாயின், வண்டியும், அதனை நம்பியிருக்கும் குடும்பத்தின் வரும்படியும் ஒருங்கே போகும்.

ஆம்ப்ளிபையரின் தொழிலை முதற்கண் அறிதல் வேண்டும். முகப்பிலுள்ள ஸ்டீரியோ தரும் மெலிந்த மின்குறியை, ஸ்பீக்கரை அசைக்கவல்ல வலியுடையதாக ஆக்குவது அது. அவ்வலியைப் பாட்டரியிலிருந்து பெறுகின்றது. பெற்றதெல்லாம் ஒலியாக மாறுவதில்லை. ஏபி வகுப்பு எனப்படும் பழைய முறைக் கருவிகளில், முழு வலியோடு இயங்குங்கால், ஏறக்குறையப் பாதி உஷ்ணமாகவே கழியும். டி வகுப்புக் கருவிகளில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் பயன்படுதல் உண்டு. எவ்வகையாயினும் எஞ்சிய உஷ்ணம் வெளியே சென்றாக வேண்டும். கருவியின் மேல் அலுமினிய வரிகள் அமைந்திருப்பது அழகுக்கன்று. ஆதலின் இதற்கு வேண்டுவன காற்றோட்டமும், நீர் எட்டாமையும், அதிர்ச்சிக் குறைவுமாம்.

காருக்கு டிக்கி உண்டு, பிக்கப்பிற்கு அஃதில்லை. பின்புறத்துத் தொட்டியோ வெயிலுக்கும் மழைக்கும் திறந்தது. காய்கறிக் கூடையும் காஸ் சிலிண்டரும் மோதுமிடம். அதனை விட்டுவிடலாம். எஞ்சுவது ஓட்டுநர் அமரும் சிறு அறையே. கடைக்காரர் பலரும் அதனுள் முதலில் காட்டுமிடம் இருக்கையின் அடி. கண்ணுக்கு மறைவானது, கம்பி இழுப்பதற்கும் எளிது. ஆயினும் நம்மூரில் அது பொருந்துமா என்பதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ஏஸ் என்னும் சிறு பார வண்டியை வெளியிட்டனர். சென்னை மக்கள் அதற்குக் குட்டி யானை என்று செல்லப்பெயர் இட்டுவிட்டனர். நிறுவனத்தார் இட்ட பெயரினும் இதுவே நன்று என்பது என் கருத்து. அக்குட்டி யானையின் டீசல் எஞ்சின் இருக்கைகளின் கீழே அமைந்துள்ளது. அங்கே ஆம்ப்ளிபையரை வைப்பது அடுப்பின்மேல் மெழுகுவர்த்தியை வைப்பதை ஒக்கும். கருவியினுள் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், உஷ்ணம் பத்துப் பாகை ஏறுந்தோறும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. 2003 மே 31-ஆம் நாள் சென்னையில் வெயில் 45 பாகை செண்டிகிரேடை எட்டியது. அத்தகைய கோடையில் நிழலின்றிப் பூட்டி நிறுத்திய வண்டியின் அகம் வெளியினும் மிக்க வெம்மையுறும். எஞ்சினின் சூடும் அதனோடு சேருமாயின் கருவி என் செய்யும்?

எஞ்சின் முன்மூக்கில் அமைந்த பிக்கப்புகளும் உள. அவற்றில் இருக்கையடி அவ்வளவு கொதிப்பதில்லை. ஆயின் வேறொரு பகை அங்குண்டு, அது நீர். இன்று தியாகராயநகரமும் அதன் சுற்றுப்புறமும் இருக்குமிடத்தில் முன்னாளில் நெடிய ஏரியொன்று பரந்திருந்தது. 1920-ஆம் ஆண்டுகளில் அதனை வற்றச்செய்து நகரத்தை விரித்தனர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்னும் பெயர் இன்னும் வழங்குகின்றது. காண்பதற்கு ஏரிதான் இல்லை. ஆனால் நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இப்பகுதித் தெருக்களில் வெள்ளம் தேங்கியதை ஊரார் அறிவர். துரைசாமி சுரங்கப்பாதை பெருமழை பெய்தால் குளமாகிவிடும். அத்தகைய நீரில் நிற்கும் வண்டியின் தரைவிரிப்பு நனைந்தபின் உலர்வதற்கு நாட்கள் ஆகும். அதன்மேல் கிடக்கும் ஆம்ப்ளிபையர் வெள்ளத்தில் தப்பினும் ஈரத்தில் துருவேறும். வேறு ஊர்களில் இருக்கையடி தக்க இடமாகலாம். பழைய ஏரியின் அருகே வாழ்வோர்க்கு அது தகாது.

ஆகவே யான் தேர்வது இருக்கையின் முதுகிற்கும் அறையின் பின்சுவருக்கும் இடையேயுள்ள சந்து. பெரும்பாலான பிக்கப்புகளில் அங்கே நான்கு விரற்கிடையேனும் இடமிருக்கும். வாங்குமுன் இருக்கையை முழுதும் பின்னுக்குத் தள்ளி அளந்துகொள்க. அளந்தபின் கருவியை வாங்குக. இம்முறையை மாற்றிச் செய்து கருவியை வாங்கியபின் இடந்தேடுவோரே பெரும்பாலும் இருக்கையடியைச் சரணடைகின்றனர். அச்சிறு அறையில் கேட்பதற்கு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஐம்பது வாட் போதியது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் மினுக்கும் பெரிய பெட்டிகளைக் கண்டு மயங்க வேண்டா. டி வகுப்பில் உள்ளங்கையளவுக் கருவிகளே அவ்வலியைத் தருகின்றன.

பின்சுவரில் கருவியை நேரே திருகாமல், முதலில் ஒட்டுப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் கருவியை அமைத்தல் நலம். பலகை அதிர்ச்சியைக் குறைக்கும். கருவியின் உடல் இரும்பைத் தொட்டு இரைச்சல் உண்டாவதையும் தடுக்கும். தரையிலிருந்து இரண்டு சாணுக்குக் குறையாத உயரம் வேண்டும். அலுமினிய வரிகள் மேல்கீழாக நிற்குமாறு வைத்தால், சூடேறிய காற்று அவற்றினிடையே தானே மேலெழும். துளையிடுமுன் சுவரின் மறுபுறத்தைக் கண்ணாற் காண்க. டீசல் குழாயோ பிரேக் குழாயோ அங்கே ஓடுதல் கூடும். இன்னொன்று. ஓட்டுநர்கள் இச்சந்திலேயே போர்வையையும் துண்டையும் தார்ப்பாயையும் திணித்து வைப்பர். அது பல்லாண்டுப் பழக்கம். சொல்லித் திருத்தல் அரிது. ஆகையால் கருவியின்முன் சிறிய கம்பிவலைக் கூடு ஒன்று அமைப்பதே வழி.

இடம் முடிவானபின் கம்பி. நானூறு வாட் வெளியிடும் டி வகுப்புக் கருவி, எண்பது பங்கு பயன் எனக் கொண்டால், ஐந்நூறு வாட் உண்ணும். ஓடும் வண்டியின் மின்னழுத்தம் 13.8 வோல்ட் எனின், மின்னோட்டம் ஏறக்குறைய 36 ஆம்பியர். பாட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்திற்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இட்டால் வழியிலேயே முக்கால் வோல்ட் இழக்கப்படும், கம்பியும் சுடும். 16 சதுர மில்லிமீட்டர்க் கம்பியாயின் இழப்பு ஒரு வோல்ட்டில் ஐந்திலொரு பங்கே. மேலே கூறிய சிறு கருவிக்கு இவ்வளவு தடித்த கம்பி வேண்டுவதில்லையாயினும் கணக்கு ஒன்றே. இடம் தொலைவாயின் கம்பி தடிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பியூஸ் வைக்குமிடத்திலும் பலர் பிழைபடுகின்றனர். கருவியின் அருகே வைத்தால் போதும் என எண்ணுவர். பியூஸ் காப்பது முதன்மையாகக் கம்பியை. ஆதலின் அது பாட்டரியின் அருகே, ஒன்றரை அடிக்குள் இருத்தல் வேண்டும். இடையில் எங்கே கம்பி தேய்ந்து உடலிரும்பைத் தொட்டாலும் அப்பொழுதே மின்னோட்டம் அறுபடும். கம்பி இரும்புச் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. எர்த்துக் கம்பியைக் குறுகலாக்கி, பெயிண்டைச் சுரண்டிய வெற்றிரும்பில் இறுகப் பூட்டுக. ஸ்டீரியோவினின்று வரும் குறிக்கம்பியைப் பாட்டரிக் கம்பி செல்லும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு செல்க. இன்றேல் எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை ஒன்று பாட்டினிடையே கேட்கும்.

ஒலியின் அளவு பற்றியும் ஒரு சொல். மேற்கு மாம்பலத்தில் வீடுகளின் சன்னல்கள் தெருவை ஒட்டியவை. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெலும், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை 45 டெசிபெலும் வரம்பு. வண்டியின் கூரையில் குழாய் ஸ்பீக்கர் வைத்து வெளியே கூவ விரும்புவோர் உரிய அதிகாரியின் எழுத்து அனுமதி பெறல் வேண்டும். அது வேறு காரியம்.

பொருத்தி முடிந்ததும் அரைமணி நேரம் பாட்டை ஓடவிட்டுக் கருவியின்மேல் கையை வைத்துப் பார்க்க. வெதுவெதுப்பாயின் இடம் சரியே. கை பொறுக்காத சூடாயின், கூட்டைச் சற்று முன்னே நகர்த்திக் காற்றுக்கு வழிசெய்க. மூன்று திங்கள் வண்டி ஓடியபின் திருகுகளையும் எர்த்துப் பூட்டையும் மறுமுறை முடுக்குக. மேடுபள்ளத் தெருக்களின் குலுக்கலில் அவை தளர்ந்திருக்கும்.