கணினியும் துபாசியும்

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவெய்தியது. அதனையொட்டிப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஒரே வினா எழலாயிற்று: புதிய முறைமைக்கு மாறினால் நம் பழைய அச்சுப்பொறி வேலை செய்யுமா? இதற்கு விடை காணுமுன், கணினிக்கும் அதனோடு பூட்டிய கருவிகளுக்கும் இடையே உள்ள உறவை மாணவர் அறிதல் வேண்டும். தோட்டவெளி போன்ற சிற்றூர்களில், கருவி ஒன்று வாளாவிருப்பின் அதனைச் சுமந்துகொண்டு மன்னார் நகருக்கும், அங்கும் இயலாதாயின் வவுனியாவுக்கும் செல்ல நேர்கின்றது. ஆதலின் இவ்வறிவு நமக்குச் சற்று மிகுதியாகவே வேண்டற்பாலது.

கணினியின் உள்ளே ஆட்சி செலுத்துவது பணிசெயல் முறைமை. அச்சுப்பொறி, படவருடி, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை முதலியன அதன் குடிகள். ஆள்வோன் மொழி வேறு. குடிகளின் மொழிகள் வேறு. இடையே நின்று இரு திறத்தார்க்கும் உரை பெயர்த்துச் சொல்லும் சிறு மென்பொருளே ஆங்கிலத்தில் 'ட்றைவர்' எனப்படுவது. தமிழில் 'இயக்கி' என்றும் 'செலுத்தி' என்றும் வழங்குவர். இவை பிழையல்ல, எனினும் அம்மென்பொருளின் தலையாய தொழில் ஓட்டுதலன்று, மொழிபெயர்த்தலேயாம். இரு பாஷை அறிந்தவனைத் துபாசி என்றனர் நம் முன்னோர். அப்பெயரே இதற்கு மிகப் பொருந்தும் என்பது எமது துணிபு.

நமது தீவின் கோட்டையை நோக்குக. 1560இல் போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைக்கொண்டனர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி மும்முறை மாறியும் கரையோரத்து மீனவர் பேச்சு தமிழாகவே இருந்தது. ஒல்லாந்த மொழி மட்டும் கற்ற துபாசி ஒருவனை ஆங்கில அதிகாரி முன்னே நிறுத்தினால் யாது நிகழும்? மீனவனும் நலமாகவே இருப்பான். அதிகாரியும் ஆட்சி செய்துகொண்டே இருப்பான். இருவர்க்கும் இடையே பேச்சு மட்டும் நின்றுபோகும். முறைமையை மாற்றியதும் அச்சுப்பொறி ஊமையாவது இவ்வாறே. கருவி பழுதுறவில்லை. பழுதுறாத கருவியைப் பழுதென்று கருதிக் கழித்து விடுவோர் பலராதலின் இதனை அழுத்திச் சொல்கின்றோம்.

துபாசியின் மொழி ஏன் செல்லாமற் போகின்றது? காரணங்கள் சில உள. முதலாவது, சொல்லின் அகலம். பழைய கணினிகள் பல 32 பிற்று முறைமையில் இயங்கின. விண்டோஸ் 10 வரை அவ்வகைப் பதிப்பு இருந்தது. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 64 பிற்று வடிவில் மட்டுமே உண்டு. 32 பிற்று முறைமைக்கென எழுதிய இயக்கி அதனுள் நுழையவே இயலாது. மற்றொன்று, முத்திரை. பெரும்பாலான இயக்கிகள் முறைமையின் உட்கருவில், யாவும் செய்யவல்ல அதிகாரத்துடன் அமர்வன. ஆதலின் 64 பிற்று விண்டோஸ் விஸ்டா தொட்டு, எண்மக் கையொப்பம் இல்லாத உட்கரு இயக்கிகளுக்கு இடமளிக்கப்படுவதில்லை. இது வீண் கெடுபிடி எனச் சினப்போர் 2024 யூலை 19ஐ நினைவிற் கொள்க. கிரவுட்ஸ்ட்றைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் இயக்கி வடிவில் உட்கருவில் அமர்ந்திருந்தது. அது கையொப்பமும் பெற்றதே, ஆயினும் அதற்கென அனுப்பப்பட்ட பிழையான கோப்பு ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் ஒரே நாளில் வீழ்ந்தன, விமானங்கள் நின்றன. முத்திரை பெற்ற துபாசியே இத்துணைக் கேடு விளைக்கக்கூடுமாயின், முத்திரையற்றவனை அரண்மனைக்குள் விடுதல் தகுமோ?

இத்தொல்லை எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 2007 சனவரியில் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தது. அப்போது மைக்ரோசொப்ற் இயக்குநர் சபையில் இருந்தவரும் ஒருகாலத்தில் அந்நிறுவனத்தின் தலைவராய் விளங்கியவருமான ஜோன் ஷேர்லி, தம் கணினி ஒன்றை விஸ்டாவுக்கு மாற்றினார். அவருடைய எப்சன் அச்சுப்பொறிக்கு இயக்கி இல்லை. எப்சன் படவருடிக்கும் இல்லை. நிக்கோன் படச்சுருள் வருடிக்கும் இல்லை. அவர் தம் குறையைத் தலைமை நிருவாகிக்கு எழுதிய மின்னஞ்சல், 2008இல் சியாற்றில் நீதிமன்ற வழக்கொன்றின் வாயிலாக வெளிப்பட்டது. அரசனின் அவையிலிருந்தவர்க்கே துபாசி கிடைத்திலன்!

கருவி செய்தோர் புதிய இயக்கியை ஏன் எழுதித் தருவதில்லை என்பது அடுத்த வினா. விடை எளிது. கருவியை விற்ற அன்றே அவர்தம் இலாபம் முடிந்தது. பத்தாண்டு பழைய பொறிக்கு இயக்கி எழுதுவது செலவு. எழுதாது விடின் புதுப்பொறி ஒன்று விற்கும். இதனை அறமென்று நாம் ஒப்போம். ஆயின் வாணிகம் அவ்வாறே நடக்கின்றது.

இங்கே வாங்குவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அச்சுப்பொறிகள் இருவகைப்படும். ஒருவகை, பக்கத்தை வருணிக்கும் பொதுமொழியைத் தானே அறிந்தது. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ற்ஸ்கிறிப்ற் அத்தகையதொரு மொழி; எச்.பி. நிறுவனத்தின் பி.சி.எல். மற்றொன்று. இவற்றை அறிந்த பொறிக்கு அதற்கெனத் தனி இயக்கி இல்லாவிடினும் பொதுவான இயக்கியால் ஓரளவேனும் அச்சிடுவிக்கலாம். மற்றைய வகை, தனக்கென மொழியறிவு யாதும் இல்லாதது. எந்தப் புள்ளியில் மை படவேண்டும் என்பதைக் கணினியே கணித்து அனுப்புதல் வேண்டும். விலை மலிந்த பொறிகள் பல இவ்வகையினவே. இவற்றுக்குரிய இயக்கி போயின் எல்லாம் போயிற்று. கடையிலே மிச்சம் பிடித்த பணம் முறைமை மாறும் நாளில் வட்டியோடு போய்விடுகின்றது. சுட்டியும் விசைப்பலகையும் எந்த முறைமையிலும் தடையின்றி இயங்குவதன் மருமமும் பொதுமொழியே: அவை யூ.எஸ்.பி. வகுத்த பொது விதியின்படி பேசுகின்றன. அச்சுப்பொறிகளும் இப்போது அவ்வழிக்கு வருகின்றன. தனி இயக்கிகளை விடுத்துப் பொது அச்சு நெறியைக் கைக்கொள்ளப் போவதாக மைக்ரோசொப்ற் 2023 செப்டெம்பரில் அறிவித்தது.

(பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்கள் எல்லாம் அழிந்துபோமோ என ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். எழுத்துரு இயக்கியன்று; புதிய முறைமையில் மீண்டும் நிறுவினால் அவை முன்போலவே தெரியும்.)

இயக்கியின் பொருட்டுப் பிறந்ததோர் இயக்கமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடமொன்றில் பணிபுரிந்த றிச்சட் ஸ்ரோல்மன், தாள் சிக்கினால் உரியவர்க்கு அறிவிக்குமாறு பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் தாமே திருத்தியிருந்தார். பின்னர் செறொக்ஸ் நிறுவனத்தின் புதிய பொறி வந்தபோது அதன் மென்பொருளின் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அக்கசப்பும் சேர்ந்தே 1983இல் குனூ திட்டத்தை அறிவிக்கத் தூண்டிற்று. 1991இல் லினக்ஸ் உட்கரு தோன்றிற்று. அதன் இயக்கிகளுட் பெரும்பாலன உட்கருவோடு ஒருங்கே பேணப்படுகின்றன. செய்தோர் கைவிட்டாலும் ஆர்வலர் திருத்தி வைக்கின்றனர். விண்டோஸ் கைவிட்ட படவருடிகள் பல லினக்ஸில் உயிர்பெறுவது இதனாலேயே. எல்லாக் கருவியும் அவ்வாறு பிழைக்கும் என்பதற்கில்லை. புதிய கம்பியில்லா வலையமைப்பு அட்டைகள் சில அங்கும் முரண்டு பிடிப்பதுண்டு.

இனிச் செய்முறை. மாற்றுவதற்கு முன்னரே ஒவ்வொரு கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் கொப்பியில் எழுதுக. செய்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 11க்குரிய 64 பிற்று இயக்கி உண்டா எனத் தேடுக. வலையமைப்பு அட்டையின் இயக்கியை மட்டும் மறவாது முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்க; மாற்றியபின் வலையமைப்பே இல்லையாயின் ஏனையவற்றை எவ்வழியால் எடுப்பது? கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க. மாற்றிய பின் ஒவ்வா விடின், பழைய முறைமைக்கு மீளப் பொதுவாகப் பத்து நாள் தவணையே உண்டு. ஆதலின் எல்லாக் கருவிகளையும் முதல் நாளே சோதித்தல் வேண்டும். தவணைப் பரீட்சைக் காலத்தில் மாற்றத்தைத் தொடங்குதல் கூடவே கூடாது. பழைய படவருடி ஒன்றே நூலகத்து நிழற்படங்களை எடுக்க உதவுமாயின், அதற்குரிய பழைய கணினியை இணையத் தொடர்பின்றித் தனியே வைத்திருப்பதிலும் இழுக்கில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் தாம் கற்ற கல்லூரிக்குக் கணினியும் அச்சுப்பொறியும் அனுப்ப விழைவது பெருமகிழ்ச்சிக்குரியது. அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கழித்த கணினியை அனுப்புவதாயின் அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என முதலில் நோக்குக, ரி.பி.எம். 2.0 சில்லும், இன்ரெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். ஏற்காதாயின் லினக்ஸ் இட்டு அனுப்புக. மாணவர்க்கு அதுவும் கல்வியே. அச்சுப்பொறியாயின் பொது அச்சுமொழி அறிந்ததைத் தெரிக; மாதிரி எண்ணை முன்னரே எழுதி அறிவித்தால் இயக்கி உண்டா என இங்கிருந்தே பார்த்து மறுமொழி தரலாம். கனடாவில் வாங்கும் பொறி 120 வோற்றில் இயங்குவதாயும் இருக்கக்கூடும். நமது மின்சாரம் 230 வோற்று. அதற்கு எந்தத் துபாசியும் உதவான். மின்மாற்றி ஒன்றையும் உடன் அனுப்புக.