மருந்துக்கு அடங்காத ஈஸ்ட்

பாலசமுத்திரத்தில் நம் அன்னையர் அரைத்து வைக்கும் இட்லி மாவில் வாழும் ஈஸ்ட் சாதுவானது. அதன் உறவான கேண்டிடா ஆரிஸ் பொல்லாதது. இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. டோக்கியோவில் ஒரு நோயாளியின் காதில் கிடைத்த இதற்கு 2009-இல் பெயரிட்டனர் (இலத்தீனில் ஆரிஸ் என்றால் காது). தில்லியில் 12 நோயாளிகளிடம் கண்டவை எதுவும் ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அடங்கவில்லை என 2013-இல் அறிவித்தனர்.

ஈஸ்ட் மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பார்கள். அப்படியன்று. ஈஸ்ட்டின் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதை ஆக்கும் நொதியைப் பூட்டுப்போல் அடைத்துவிடுகிறது ஃப்ளூகோனசோல். கோடிக்கணக்கான ஈஸ்ட்டுகளில் ஒன்றுக்குத் தற்செயலாக அந்நொதியின் வடிவம் சற்றே மாறினால், மருந்து சரியாகப் பொருந்தாது. வேறு சில, வீட்டில் புகுந்த மழைநீரை நாம் இறைப்பதுபோல் மருந்தை வெளியே இறைத்துவிடும். மற்றவை அடங்கிப்போக, இவற்றின் சந்ததியே பெருகும். கட்டில், மேசைகளிலும் இவை பல நாள் உயிரோடிருக்கும். மருத்துவமனையில் நம்மைக் கை கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.