அழகும் ஜோடிப் பொருத்தமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முதல் சந்திப்பில் ஒருவரைப் பிடித்துப்போவதற்குக் குணமும் அறிவும்தான் காரணம் என்பது கௌரவமான நம்பிக்கை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெய்ன் வால்ஸ்டர் குழுவினர் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு நடன விழா. பொருத்தமான ஜோடியைக் கணினியே தேர்ந்தெடுத்துத் தரும் என்று அறிவிப்பு. டிக்கெட் வாங்க வந்தவர்களின் தோற்றத்துக்கு, அங்கிருந்த நால்வர் சத்தமில்லாமல் மதிப்பெண் போட்டார்கள். பிறகு 376 ஆண்களும் 376 பெண்களும் குலுக்கல் முறையில் ஜோடி சேர்க்கப்பட்டார்கள். ஆணைவிடப் பெண் உயரமாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இடைவேளையில் கருத்துக் கேட்டபோது படிப்பில் எடுத்த மதிப்பெண்ணோ, ஆளுமைத் தேர்வுகளோ விருப்பத்தைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. ஜோடியாக வந்தவரின் தோற்றம்தான் தீர்மானித்தது.

அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் ஆட்டியது. தன் அழகுக்கு ஏற்ற அழகுள்ளவரையே ஒருவர் விரும்புவார் என்று ஆய்வாளர்களே எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் தோற்றத்துக்குச் சுமாரான மதிப்பெண் பெற்றவர்களும் அழகானவர்களையே விரும்பினார்கள். அப்படியானால் நிஜ வாழ்வில் தோற்றத்தில் ஒத்த ஜோடிகள் இவ்வளவு பேர் எப்படி அமைகிறார்கள்? காலிக், ஹாமில்டன் இருவரும் 1986இல் கணினி மாதிரி ஒன்றின் மூலம் ஒரு விடை காட்டினார்கள். எல்லாரும் மிக அழகானவரையே தேடினாலும், இருவரும் சம்மதித்தால்தான் ஜோடி என்பதால், அழகானவர்கள் முதலில் தங்களுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களிடையே அதே கதை தொடர்கிறது. ஒத்த ஜோடி அமைவதற்கு ஒத்த ரசனை தேவையே இல்லை.

இதிலிருந்து ‘அழகு குறைந்தவருக்கு அழகான துணை அமையாது’ என்று முடிவுகட்டுவதுதான் உண்மையில் பலரை வருத்தும் தவறு. நடன விழா சில மணி நேரத்தில் முடிந்துவிடும், பழக்கம் அப்படியல்ல. லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கெல் மூவரும் 167 ஜோடிகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிமுகமான வேகத்தில் காதலிக்கத் தொடங்கியவர்கள் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருந்தார்கள். நெடுநாள் பழகியபின் காதலித்தவர்களிடம், குறிப்பாக நண்பர்களாக இருந்து காதலர்களானவர்களிடம், இந்த ஒற்றுமை வெகுவாகக் குறைந்திருந்தது. பழகப் பழக ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு கணிப்பு உருவாகிறது. ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிபவர் இன்னொருவருக்குப் பேரழகாகத் தெரிகிறார். அழகில் ஒத்திருந்த ஜோடிகள் மற்றவர்களைவிட நிறைவாக வாழ்ந்ததாகவும் அந்த ஆய்வு காட்டவில்லை. ஆளைப் பார்த்துச் சில நொடிகளில் ஒதுக்கவைக்கும் டேட்டிங் செயலிகள், இப்படிப் பழகிப் பார்க்கும் வாய்ப்பைத்தான் பறிக்கின்றன.

ஆண் அழகைப் பார்ப்பான், பெண் சம்பாத்தியத்தைப் பார்ப்பாள் என்பது பலருக்கு வேதவாக்கு. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் இருபாலரும் ஏறக்குறைய அப்படித்தான் பதில் சொல்கிறார்கள். ஈஸ்ட்விக்கும் ஃபிங்கெலும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களிடம் முதலில் இதைக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் சில நிமிடங்கள் நேரில் பேசவைத்தார்கள். 2008இல் வெளியான முடிவுப்படி, நேரில் பார்த்தவரைப் பிடித்துப்போனதில் தோற்றத்துக்கும் சம்பாத்திய வாய்ப்புக்கும் இருந்த பங்கில் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை. அவரவர் சொன்ன நிபந்தனைகளை வைத்து யாரை விரும்புவார்கள் என்று கணிக்கவும் முடியவில்லை.

அழகுக்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு உண்டு என்பது பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை. 1.618 என்னும் தங்க விகிதம் அழகான முகத்தின் சூத்திரம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெண்ணின் இடை, இடுப்புச் சுற்றளவு விகிதம் 0.7 இருந்தால் எங்கும் விரும்பப்படும் என்ற கருத்தை, பெரு நாட்டின் மாட்சிகெங்கா பழங்குடியினரிடம் நடந்த 1998 ஆய்வு அசைத்தது. வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த ஊரில் ஆண்கள் அகன்ற இடையுள்ள உருவங்களையே விரும்பினார்கள். தொடர்பு கூடிய இடங்களில் ரசனை மேற்கத்தியரை ஒட்டி மாறியிருந்தது.

அழகு முழுக்க அவரவர் பார்வை என்பதும் பாதி உண்மைதான். எந்த முகங்கள் அழகு என்பதில் பண்பாடுகளைக் கடந்தும் மக்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். ஒத்துப்போகாத பகுதி எங்கிருந்து வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த 2015 ஆய்வு ஒன்று தேடியது. ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களின் ரசனைகூட வேறுபட்டது. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, ஒவ்வொருவருக்கும் தனியாக வாய்த்த அனுபவங்களிலிருந்து வந்திருந்தது.