ஆஸ்திரேலியக் கோடையில் புறக்கடைக் கோழிகள்

ஆஸ்திரேலிய நகரங்களில் வீட்டுப் புறக்கடையில் நான்கைந்து கோழிகள் வளர்ப்போர் பலர். கோடை அங்கு டிசம்பரில் தொடங்குகிறது. 2019 ஜனவரி 24-ஆம் நாள் அடிலெய்டு நகரில் வெப்பம் 46.6 டிகிரி செல்சியஸை எட்டியது. கோழியின் உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரிதான். காற்று உடலைவிடச் சூடேறினால் கொண்டையும் தாடியும் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. வியர்வைச் சுரப்பிகளும் கோழிக்கு இல்லை. மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்குவதே அதற்கு எஞ்சிய வழி. அதுவும் போதாதபோது இறப்பு நேர்கிறது. மூச்சிரைப்பில் கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தின் அமில-கார நிலை மாறி, முட்டை ஓடு மெலிகிறது. அதற்குத் தீவனத்தை மட்டும் குறைகூறுவது சரியன்று. தகரக் கூரையிட்ட கூண்டு நண்பகலில் அடுப்பாகிவிடும், மரநிழலே மேல். குடிநீரை நிழலில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். ஒரே பாத்திரமாயின் வலிய கோழிகள் மெலிந்ததை அண்டவிடா. செரிமானமும் உடலில் வெப்பத்தை உண்டாக்குவதால், தீவனத்தை விடியலிலும் மாலையிலும் இடுவது நலம்.