நான்கு எழுத்துப் புத்தகம்

தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றைக் கற்க எத்தனை மாலை வேளைகள் ஆயின என்பது கற்றவருக்குத்தான் தெரியும். நம் உடலுக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் வருவது நான்கே எழுத்துகள். முடி சுருட்டையா, நேரா? கண் கறுப்பா, பழுப்பா? இரத்தம் எந்த வகை? எல்லாவற்றுக்கும் அந்த நான்கு எழுத்துகளிலேயே குறிப்பு இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் பெயர் டி.என்.ஏ.

எங்கே இருக்கிறது?

செங்கல்லை அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல நம் உடல் செல்களால் ஆனது. செல் மிகமிகச் சிறியது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன. பெரும்பாலான வகைச் செல்களில் உள்ளே ஓர் உருண்டை இருக்கும். அதை உட்கரு என்பார்கள். அதற்குள் 46 நூல் கண்டுகள் இருக்கின்றன. 23 தாய் கொடுத்தவை. 23 தந்தை கொடுத்தவை. அந்த நூல்தான் டி.என்.ஏ. ஒரு செல்லில் உள்ள நூலை எல்லாம் பிரித்து, முனையோடு முனை சேர்த்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். ஆள் உயரத்தைவிட அதிகம்! அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது.

முறுக்கிய ஏணி

கயிற்றேணியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் முனையையும் கீழ் முனையையும் பிடித்து முறுக்கினால் எப்படி இருக்கும்? டி.என்.ஏ. அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பக்கக் கயிறுகளும் ஒருவகைச் சர்க்கரையாலும் பாஸ்பேட்டாலும் ஆனவை. வயலுக்கு இடும் உரத்தில் இருக்கிறதே, அதே பாஸ்பேட்தான்.

ஏணியின் படிகள்தான் எழுத்துகள். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பவை அவற்றின் பெயர்கள். சுருக்கமாக அ, தை, கு, சை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் இரண்டு எழுத்துகள் கைகோத்து நிற்கின்றன. இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. அ எழுத்துக்கு எதிரே தை. கு எழுத்துக்கு எதிரே சை. மாறி நிற்காது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல அவற்றின் வடிவம் அப்படி.

இந்த வடிவத்தைக் கண்டறிந்த கதையில் ஒரு பெண்ணின் பெயர் முக்கியமானது. அவர் ரோசலின்ட் ஃபிராங்க்ளின். 1952-இல் லண்டனில் அவருடைய ஆய்வில் டி.என்.ஏ.வின் தெளிவான எக்ஸ்ரே படம் ஒன்று கிடைத்தது. அவருக்குத் தெரியாமலேயே அந்தப் படம் வாட்சன் என்பவருக்குக் காட்டப்பட்டது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் ஏணி வடிவத்தை வெளியிட்டார்கள். 1962-இல் அவர்களுக்கும் வில்கின்ஸ் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிராங்க்ளின் 1958-லேயே, 37 வயதில் இறந்துவிட்டார். அவர் செய்த வேலையின் அருமையை உலகம் தாமதமாகத்தான் பேசத் தொடங்கியது.

படி எடுப்பது எப்படி?

காயம் ஆறுகிறது. குழந்தை வளர்கிறது. இதற்குப் புதிய செல்கள் வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் முழுப் புத்தகம் வேண்டுமே! அதனால் பிரிவதற்கு முன் செல் தன் டி.என்.ஏ.வைப் படி எடுக்கிறது.

முதலில் ஏணியின் முறுக்கு அவிழ்கிறது. பிறகு பையின் ஜிப்பைத் திறப்பதுபோல ஏணி நடுவே பிரிகிறது. இப்போது இரண்டு பாதி ஏணிகள். செல்லுக்குள் உதிரி எழுத்துகள் நிறைய மிதக்கின்றன. ஒரு பாதியில் அ இருந்தால் எதிரே தை வந்து சேரும். கு இருந்தால் சை வந்து சேரும். இப்படிச் சேர்க்கும் வேலையை ஒரு நொதி செய்கிறது. வேலை முடிந்ததும் ஓர் ஏணி இரண்டு ஏணிகள் ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது. இது உண்மைதான் என்று 1958-இல் சோதனை செய்து காட்டினார்கள்.

எழுதும் நொதியே பிழையும் திருத்துகிறது. தவறான எழுத்து சேர்ந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கிறது. அதையும் தாண்டி, எப்போதாவது ஒரு பிழை தங்கிவிடும்.

ஓர் எழுத்து மாறினால்

"அடுப்பில் கரி போடு" என்று எழுத வேண்டும். "அடுப்பில் கறி போடு" என்று எழுதிவிட்டால்? ஓர் எழுத்துதான் மாறியது. வேலையே மாறிவிட்டது.

டி.என்.ஏ.வின் எழுத்துகளை உடல் மூன்று மூன்றாகப் படிக்கிறது. மூன்று எழுத்து ஒரு சொல். அந்தச் சொற்களுக்குப் பொருள் கண்டவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. அன்றைய பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரில் சுமார் 100 பேர்தான். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடையது மட்டுமே. அவருக்கு 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதி 146 மணிகள் கோத்த மாலை போன்றது. ஆறாவது மணிக்கான சொல் கு-அ-கு. சிலருக்கு அது கு-தை-கு என்று மாறியிருக்கிறது. ஓர் எழுத்துப் பிழைதான். அதனால் வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள் போல வளைந்துவிடுகிறது. நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். சிறிய இரத்தக் குழாய்களில் அடைத்தும் கொள்ளும். கை கால் மூட்டில் தாங்க முடியாத வலி, சோகை, கண்ணில் மஞ்சள், அடிக்கடி காய்ச்சல் எல்லாம் வரும். இதுதான் அரிவாள் செல் சோகை.

இந்தியாவில் இது முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா, குஜராத் மாநிலங்களில் அதிகம். பழங்குடியினர் அல்லாதவருக்கும் உண்டு.

இது யார் குற்றம்?

குழந்தை நோயோடு பிறந்தால் பல வீடுகளில் தாயைத்தான் ஏசுகிறார்கள். செய்வினை, சாபம் என்றும் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். புத்தகத்தில் பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. பிழையான எழுத்து ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் தெரியாது. அவர் நலமாகவே வாழ்வார். அப்படிப்பட்ட குழந்தைகளை மலேரியாகூட அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை. அதனால்தான் மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இந்தப் பிழை தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் இந்த நோய். அப்படியானால் தாயை மட்டும் ஏசுவதில் என்ன நியாயம்?

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து முதல் சோதனையைச் செய்துவிடலாம். சந்தேகம் இருந்தால் பெரிய ஆய்வகத்தில் உறுதி செய்வார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் திட்டம். நோய் உள்ளவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கடுங்குளிரையும் அளவுக்கு மீறிய களைப்பையும் தவிர்க்க வேண்டும். ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை வலியைக் குறைக்கும். மருத்துவர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும்.

திருமணத்துக்கு முன்பே இருவரும் சோதித்துக்கொள்வது நல்லது. இருவரிடமும் ஆளுக்கு ஒரு பிழை எழுத்து இருந்தால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை மக்கள் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாயக்கட்டையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் உருட்டுகிறோம். ஒவ்வொரு கருவிலும் அதே நான்கில் ஒன்றுதான். அதனால் அடுத்த குழந்தை உண்டானதும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மருத்துவரிடம் போய், கருவைச் சோதிக்கும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே கேட்க வேண்டும்.